கீரம்பூர்க்காரர் போட்ட கோடு

பெரம்பலூரிலிருந்து துறையூர் போகும் பஸ்ஸில் வலது பக்கம் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் பச்சைமலை கூடவே வரும். மலைக்கு இந்தப் பக்கம் எங்கள் சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் பருத்தியும். அந்தப் பக்கம் துறையூர். எம்.பி. தேர்தலுக்கு இரண்டும் ஒரே தொகுதி. 1995-ல் எங்கள் பெரம்பலூர் மாவட்டம் தனியாகப் பிரியும்வரை எல்லாமே திருச்சி ஜில்லாதான். அந்தத் துறையூர் வட்டாரத்துக் கீரம்பூரில் 1938-ல் பிறந்தவர் ஓவியர் கே.எம். ஆதிமூலம். தமிழ்நாட்டு நவீன ஓவியம் என்று யார் பேச ஆரம்பித்தாலும் முதல் நாலைந்து பெயருக்குள் அவர் வந்துவிடுவார். எங்கள் பக்கத்தில் கேட்டுப் பாருங்கள், "எந்த ஆதிமூலம்? யானையைக் காப்பாற்றினாரே, அவரா?" என்பார்கள். பெருமாளுக்குக் கிடைத்த அறிமுகத்தில் பத்தில் ஒரு பங்காவது இவருக்கும் கிடைக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

எழுதுவதற்கு எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். நான் ஓவியக் கல்லூரிப் படி மிதித்தவன் இல்லை. போர்டு ஆர்ட்டிஸ்ட். பெரம்பலூர், அரியலூர் இரண்டு ஊர்க் கடைத்தெருவிலும் ஒரு காலத்தில் என் கையெழுத்து இல்லாத பக்கம் குறைவு. சைக்கிள் கடை, அரிசி மண்டி, உரக்கடை, அரியலூர் சிமெண்ட் லாரிகளின் பின்பலகை, கட்சிக்காரர்கள் சுண்ணாம்பு அடித்துப் பிடித்துவைத்த சுவர் எல்லாம் எழுதியிருக்கிறேன். எழுத்தைப் பார்த்தே சோறு தின்றவன். ஆதிமூலத்தை விமர்சகர்கள் வேறு வழியில் வந்து அடைவார்கள். நான் எழுத்து வழியாக வந்து அடைந்தேன்.

கடை வாசலில் கிடைத்த நவீன ஓவியம்

எங்கள் சிறு வயதில் ஓவியம் என்றால் பத்திரிகைதான். சில்பி வரைந்த கோயில் கோபுரம், கோபுலுவின் ஜோக்கு, அப்புறம் மாருதி, ஜெயராஜ், மணியம் செல்வன். மாருதியின் பெண் முகத்தைப் பார்த்து வரைந்து பழகாத போர்டு ஆர்ட்டிஸ்ட் இந்த மாவட்டத்தில் இருக்க முடியாது. கண், மூக்கு, நகை, புடவைக் கரை எல்லாம் அதது இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும். பார்த்ததும் கை பரபரக்கும்.

எண்பதுகளில் ஜூனியர் விகடனில் கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி' தொடராக வந்தது. சலூனில் முடிவெட்டக் காத்திருந்தவர்கள் கிழித்துக்கொண்டு படித்த தொடர் அது. கோவில்பட்டிப் பக்கத்து இடைசெவலின் கதை. எங்களுக்கும் கறுப்பு மண், எங்களுக்கும் பருத்தி என்பதால் ஊர்க்கதையாகவே படித்தோம். அதற்குப் படம் ஆதிமூலம். அந்தப் படத்தில் சம்சாரியின் முகத்தில் தனியாக ஓர் எல்லைக்கோடு கிடையாது. கோடு கோடாகக் கிழித்திருப்பார். எங்கோ நெருக்கி, எங்கோ விட்டு, எங்கோ சட்டென்று நிறுத்தி. கொஞ்சம் தள்ளிவைத்துப் பார்த்தால் வெயிலில் நின்று நின்று காய்ந்துபோன ஒரு மனிதர் நம்மைப் பார்ப்பார். "என்னடா இது, கோழி கீச்சின மாதிரி" என்று சலூன்காரர் சொன்னதும், பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர் "நம்ம சித்தப்பா மாதிரியே இருக்கில்ல?" என்றதும் ஒரே படத்தைப் பார்த்துத்தான்.

போர்டு வேலையில் முதல் பாடம் அவுட்லைன். நூலில் சாக்குப்பொடி தடவி, இழுத்துப் பிடித்து ஒரு சுண்டு சுண்டினால் சுவரில் கோடு விழும். அந்தக் கோட்டுக்குள் எழுத்தின் உருவத்தை வரைந்து, பிறகு உள்ளே எனாமல் நிரப்ப வேண்டும். உருவம் முதலில், நிரப்புவது பின்னால். ஆதிமூலத்தின் பேனா இதைத் தலைகீழாகச் செய்தது. அவர் நிரப்ப நிரப்பத்தான் உருவம் வருகிறது. அந்தப் படத்தை எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த வாத்தியாரிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இவன் கை தப்பே பண்ணாது. பண்ணினாலும் அதை வெச்சே மேல போயிடுவான்" என்றார். அதைவிடச் சரியாக அவரைப் பற்றி யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

எழும்பூருக்குப் போன கிராமத்துப் பையன்

சென்னைக்குப் போன ஆதிமூலம் அறுபதுகளின் தொடக்கத்தில் எழும்பூரில் உள்ள அரசு கவின் கலைப் பள்ளியில் சேர்ந்தார். இன்றைக்கு அது கல்லூரி. 1850-ல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற ஆங்கிலேய டாக்டர் தொடங்கியது. வெகு காலம் அங்கே முக்கியமாகச் சொல்லிக்கொடுத்தது கைத்தொழில்: உலோக வேலை, மண்பாண்டம், அச்சு வேலை. 1929-ல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி தலைமைக்கு வந்தார். மெரினாவில் உழைப்பாளர் சிலையைச் செய்தவர் அவர்தான். அவருக்குப் பின் 1957-ல் கே.சி.எஸ். பணிக்கர் முதல்வரானார். சிற்பி எஸ். தனபால் அங்கே ஆசிரியராக இருந்தார். ஆதிமூலத்துக்கு வழிகாட்டியாக இருந்தவர் தனபால்.

அந்தக் காலத்தில் அங்கே எல்லோரையும் குடைந்த கேள்வி ஒன்று. பாரிஸில் பிக்காசோவும் மத்தீஸும் ஓவியத்தைக் கலைத்துப் போட்டுவிட்டார்கள். அவர்களைப் போலவே நாமும் வரைந்தால் அது நகல். அஜந்தாவையும் தஞ்சாவூரையும் அப்படியே வரைந்தால் அதுவும் நகல். அப்படியானால் நம்முடையது எது?

சென்னைக்காரர்கள் கண்டுபிடித்த பதில்களில் முக்கியமானது கோடு. தென்னாட்டுக் கலையை எடுத்துப் பாருங்கள். வாசல் கோலம் கோடு. பனையோலையில் எழுத்தாணி கீறுவது கோடு. சோழர் செப்புத் திருமேனியில் இடுப்பு வளைவதும் கை நீள்வதும் கோடுதான். இது புரிய வேண்டுமென்றால் சென்னை வரைக்கும் போக வேண்டியதில்லை. எங்கள் அரியலூர் மாவட்டத்தில் கங்கைகொண்ட சோழபுரம் இருக்கிறது. கோயிலின் வடக்கு வாசல் படிக்கட்டு ஓரம் சண்டேசருக்குச் சிவன் பூமாலை சுற்றும் சிற்பத்தைப் பாருங்கள். சிவனின் தோளிலிருந்து கை இறங்கி, சண்டேசரின் தலையைச் சுற்றி, குனிந்த அந்த முதுகு வழியாகக் கூப்பிய கைக்குப் போகும் ஒரே ஓட்டத்தை விரலால் காற்றில் வரைந்துவிடலாம். பள்ளிப் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போனால் நான் முதலில் செய்யச் சொல்வது அதைத்தான்.

பெரம்பலூர் பக்கம் அரும்பாவூரில் மரச்சிற்பம் செதுக்குகிறார்கள். 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்த தொழில். மரத்தில் உளி இறங்கும் முன்னால் அங்கேயும் முதலில் விழுவது பென்சில் கோடு. ஆனால் அதற்கு அளவு உண்டு. முகத்துக்கு இத்தனை, மார்புக்கு இத்தனை என்று தாளக்கணக்கு உண்டு. ஆதிமூலம் தலைமுறை அந்தக் கோட்டை எடுத்துக்கொண்டது, அந்தக் கணக்கை விட்டது. 'மெட்ராஸ் இயக்கம்' என்று பின்னால் பெயர் வாங்கிய வேலையில் பெரும்பகுதி இந்த வழியில் வந்ததுதான் என்பது என் கணிப்பு. பணிக்கர் 1966-ல் தன் மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு சென்னைக்குத் தெற்கே கடலோரத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நிறுவினார். பாத்திக் துணி செய்து விற்ற காசு அந்தக் கிராமத்துக்கு அடித்தளம். அதே 1966-ல் ஆதிமூலம் படிப்பை முடித்தார். அவருக்குச் சம்பளம் கொடுத்தது நெசவாளர் சேவை மையம். கைத்தறிக்குப் புதிய டிசைன் போட்டுக்கொடுக்கும் மத்திய அரசு அமைப்பு அது. பகலில் துணிக்கு டிசைன், மற்ற நேரம் தன் ஓவியம். கடைக்குப் போர்டு எழுதிவிட்டு ராத்திரியில் தனக்காக ஒரு படம் வரைகிற எங்களுக்கு இது நன்றாகப் புரியும்.

நூறு காந்தி, அப்புறம் ராஜாக்கள்

1969 காந்தி நூற்றாண்டு. நாடு முழுக்கச் சிலை, தபால்தலை, மாலை, பேச்சு. ஆதிமூலம் காந்தியை நூறு கோட்டோவியங்களாக வரைந்தார். இளம் வயதிலிருந்து முதுமை வரைக்கும் ஒரே மனிதரை, கறுப்பு மையில்.

ஒரே முகத்தை நூறு முறை வரைவது என்றால் என்ன என்பது தொழில்காரனுக்குத்தான் தெரியும். தேர்தல் காலத்தில் ஒரே தலைவரைச் சுவர் சுவராக வரைவோம். பத்தாவது சுவருக்கு மேல் கை தானாகப் போகும். மனசு அங்கே இருக்காது. கட்டம் போட்டுப் பெரிதாக்கும் வேலைதானே. ஆதிமூலத்தின் காந்தியில் கை தானாகப் போன இடம் தெரியாது. ஒன்றில் காந்தி முழுக்க எலும்பும் மூக்குக்கண்ணாடியும். இன்னொன்றில் குனிந்த முதுகும் போர்த்திய துணியும் மட்டும். துணியின் மடிப்பும் உடம்பின் சுருக்கமும் ஒரே மாதிரிக் கோடுகளால் ஆனவை. எது தோல், எது கதர் என்று பிரிக்க முடியாத இடங்கள் அந்தப் படங்களில் உண்டு. காந்தியைப் பற்றி மேடையில் சொல்லும் நிறைய விஷயங்களைவிட எனக்கு அது அதிகமாகச் சொன்னது.

எழுபதுகளில் அவர் பேனா ராஜாக்கள் பக்கம் போனது. மகாராஜா, மகாராணி, கிரீடம், மீசை, மணிமாலை, குதிரை. கோடுகள் இன்னும் அடர்த்தியாகின. ஆனால் அந்த ராஜாக்கள் முழுசாக இல்லை. அங்கி நூல்நூலாகப் பிரிகிறது. உடம்பு ஒரு பக்கம் கரைந்து வெள்ளைத் தாளாகிவிடுகிறது. கிரீடம் மட்டும் தலையில் அழுத்திக்கொண்டு நிற்கிறது. சுதந்திரத்துக்குப் பிறகும் முன்னாள் சமஸ்தானத்து மன்னர்களுக்கு அரசு மானியம் கொடுத்துவந்தது. 1971-ல் 26-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தின் மூலம் அது நின்றது. அந்தக் காலத்தை நினைவில் வைத்துக்கொண்டு பார்த்தால் இந்த ராஜாக்களின் முகத்தில் இருக்கும் திகைப்புக்குக் காரணம் விளங்கும். காந்தியைக் கோடு சேர்த்துச் சேர்த்துக் கட்டினார். ராஜாவைக் கோடு போட்டுப் போட்டே அவிழ்த்தார். இரண்டுக்கும் ஒரே பேனா.

1962 முதல் 1996 வரை அவர் வரைந்த கோட்டோவியங்களின் தொகுப்பு 'பிட்வீன் தி லைன்ஸ்' என்ற பெயரில் 1997-ல் வந்தது. அதை வரிசையாகப் பார்த்தால் முப்பத்து நாலு வருஷமாக ஒரு கை எப்படி மாறியது என்பது தெரியும்.

காசில்லாத பத்திரிகையின் பலம்

அறுபதுகளின் கடைசியில் தமிழில் ஒரு சின்னக் கூட்டம் இலக்கியத்தைப் புரட்டிப் போடக் கிளம்பியது. சேலத்திலிருந்து சி. மணியின் 'நடை', பிறகு 1970-ல் சென்னையிலிருந்து 'கசடதபற'. ஞானக்கூத்தன், ந. முத்துசாமி, சா. கந்தசாமி என்று ஒரு தலைமுறை. ஆதிமூலம் அவர்களின் நண்பர். அவர்கள் பத்திரிகைகளுக்குப் படம் போட்டார், புத்தகங்களுக்கு அட்டை செய்தார். 1974-ல் க்ரியா ராமகிருஷ்ணன் பதிப்பகம் தொடங்கியபோது அந்த அட்டைகளிலும் அவர் கை இருந்தது.

இதில் அச்சுத் தொழில் சம்பந்தமான ஒரு காரணமும் உண்டு. அதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. அப்போது எல்லாம் எழுத்துக் கோக்கும் அச்சு. படம் போட வேண்டும் என்றால் துத்தநாகத் தகட்டில் பிளாக் எடுக்க வேண்டும். போட்டோ மாதிரி சாயல் உள்ள படத்துக்கு 'ஹாஃப்டோன்' பிளாக். செலவு அதிகம், மட்டமான காகிதத்தில் அடித்தால் ஒரே கறுப்பாக அப்பிவிடும். வெறும் கோடு மட்டும் இருந்தால் 'லைன் பிளாக்' போதும். மலிவு. எந்தக் காகிதத்திலும் பளிச்சென்று விழும். பெரம்பலூரில் கல்யாணப் பத்திரிகை அடித்த டிரெடில் பிரஸ்ஸில்கூடச் சுத்தமாக வரும். கையில் காசில்லாத சிறுபத்திரிகையும் கோட்டை நம்பிய ஓவியரும் ஒருவருக்கொருவர் பொருந்திப்போனதற்கு இதுவும் காரணம். ஓவியக் கூடமே இல்லாத ஊர்களுக்குத் தபால் வழியாக நவீன ஓவியம் வந்து சேர்ந்தது.

அட்டையில் அவர் படம் மட்டும் வரையவில்லை, தலைப்பையும் எழுதினார். நான் விழுந்தது அங்கேதான்.

நாங்கள் கற்ற எழுத்துக்கு ஒழுங்கு உண்டு. 'க' என்றால் இவ்வளவு அகலம், 'ழ' வுக்கு வால் இவ்வளவு நீளம், சுழி முழு வட்டம், எல்லா எழுத்துக்கும் ஒரே தடிமன். 1978-ல் அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போட்டபோது பழைய கொம்பு வைத்த 'லை', 'ணை', சேர்த்து எழுதிய 'றா', 'னா' எல்லாம் போய்ப் புது வடிவம் வந்தது. என் வாத்தியார் தலைமுறைக்கு அது பெரிய இடி. கடை கடையாகப் பெயர்ப்பலகை மாற்றி எழுதியதில் வருமானம் வந்தது, ஆனாலும் கை பழைய கொம்பையே போடும். எழுத்தின் வடிவம் மாறக்கூடியது, மனிதர்கள் உட்கார்ந்து மாற்றுவது என்பதை நாங்கள் கண்ணால் பார்த்தோம்.

ஆதிமூலம் உத்தரவுக்குக் காத்திருக்காமல் மாற்றினார். அவர் எழுதிய தலைப்பில் சுழி வட்டமாக இல்லாமல் மூலையாக மடங்கும். ஓர் எழுத்தின் கால் அடுத்த எழுத்தின் கீழே புகுந்துகொள்ளும். புள்ளி கட்டமாக நிற்கும். ஒரே சொல்லில் ஓர் எழுத்து தடிமன், அடுத்தது ஒல்லி. என்றாலும் படிக்க ஒரு நொடிகூடத் தடுமாற மாட்டோம். எனக்கு இன்றுவரை ஆச்சரியம் இதில்தான். எழுத்தை எவ்வளவு தூரம் வளைத்தாலும் எது போனால் அது அந்த எழுத்தாக இருக்காதோ அதை மட்டும் தொடமாட்டார். 'அ' வில் எதை விடலாம், எதை விடக்கூடாது என்பது அவருக்குத் தெரிந்த அளவு எனக்குத் தெரிய பல வருஷம் ஆகியது. பணிக்கரும் 1963 வாக்கில் எழுத்துகளையும் குறிகளையும் வைத்துப் பெரிய ஓவிய வரிசை ஒன்றைத் தொடங்கினார். அதில் எழுத்து படிக்க அல்ல, பார்க்க. மாணவர் எழுத்தை மறுபடி படிக்கிற இடத்துக்கே கொண்டுவந்துவிட்டார்.

ஜப்பானில் ஒரு பள்ளி வாத்தியார்

இதே கேள்வியை இதே காலத்தில் இன்னொரு நாடும் கேட்டுக்கொண்டிருந்தது. யுத்தத்தில் தோற்று, குண்டுகளில் எரிந்து கிடந்த ஜப்பான். அங்கே தூரிகையால் எழுத்து எழுதுவது நூற்றாண்டுகளாகப் பெரிய கலை. 1952-ல் கியோட்டோவில் மொரிதா ஷிர்யூ, இனோவே யூயிச்சி முதலான ஐந்து பேர் 'பொகுஜின்காய்' என்ற குழுவைத் தொடங்கினார்கள். அழகாக எழுதுவதை விட்டுவிட்டு, எழுத்தை ஓவியம் போல, உடம்பின் முழு வேகத்தோடு எழுத வேண்டும் என்றார்கள். இரண்டு வருஷம் கழித்து ஒசாகா பக்கம் 'குதாய்' என்று இன்னொரு குழு. அதில் இருந்த ஷிராகா கசுவோ கிமோனோ வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை. கயிற்றில் தொங்கிக்கொண்டு பெயின்டில் காலை வைத்துத் தேய்த்துப் படம் செய்தவர்.

எனக்கு நெருக்கமாகத் தோன்றுபவர் யூயிச்சி. 1916-ல் பிறந்து 1985-ல் இறந்தவர். வாழ்நாளில் பெரும்பகுதி பள்ளி ஆசிரியர். 1945 மார்ச் 10 ராத்திரி அமெரிக்க விமானங்கள் டோக்கியோவில் தீக்குண்டு போட்டபோது அவர் பள்ளியில் இரவுப் பணியில் இருந்தார். அங்கே அடைக்கலம் தேடி வந்த மக்கள் பெருங்கூட்டமாகச் செத்துப்போனார்கள். இவர் பிழைத்தார். முப்பது வருஷத்துக்குமேல் கழித்து 1978-ல்தான் அந்த ராத்திரியை எழுத்தாக எழுதினார். மற்றபடி அவர் எழுதியதில் நிறைய ஒற்றை எழுத்துகள். 'வறுமை' என்று பொருள்படும் எழுத்தைத் திரும்பத் திரும்ப, ஆள் உயரத்துக்கு, துடைப்பம் போன்ற தூரிகையால் எழுதினார். சில பிரதிகளில் அந்த எழுத்து காலை அகட்டி நிற்கும் ஏழை மாதிரியே இருக்கும். 1957-ல் பிரேசிலின் சாவோ பாவ்லோ சர்வதேசக் கண்காட்சிக்குப் போன பிறகும் அவர் பள்ளி வேலையை விடவில்லை. விற்பனைக்காக எழுத வேண்டிய அவசியமே தனக்கு வரக் கூடாது என்று சம்பளத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார் போலும் என்று நான் நினைத்துக்கொள்கிறேன்.

இவர்களிடமிருந்து ஆதிமூலம் கற்றார் என்று சொல்ல வரவில்லை. ஜப்பான் வாத்தியாரும் நெசவாளர் மையத்து டிசைனரும் மாதச் சம்பளத்தில் குடும்பத்தை ஓட்டிக்கொண்டே, தங்கள் ஊர் எழுத்தையும் கோட்டையும் எடுத்து உலகத்துக்குப் புதிதாகக் காட்டினார்கள். 'அவான்-கார்ட்' என்னும் முன்னோடிக் கலை என்றால் வெளிநாட்டுச் சரக்கு, பணக்காரர் வீட்டுச் சுவருக்கானது என்று நம்புகிறவர்கள் இந்த இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

கோடு போய் நிறம்

எழுபதுகளின் இறுதியிலிருந்து ஆதிமூலம் வண்ணத்துக்குத் திரும்பினார். இந்த முறை மனிதரும் இல்லை, ராஜாவும் இல்லை. 'வெளி' என்று சொல்லும்படியான அரூப ஓவியங்கள். எண்ணெய் வண்ணத்தைப் பட்டைக் கத்தியால் அள்ளி, அப்பி, இழுத்து, சுரண்டிப் பெரிய பெரிய பரப்புகளாகச் செய்தார். கறுப்பு மையில் வாழ்ந்தவர் கையில் நீலமும் மஞ்சளும் சிவப்பும் வந்து நின்றன. அவர் கோட்டை நேசித்த பலருக்கு இது பிடிக்கவில்லை. "படத்துல என்ன இருக்கு?" என்று கேட்பவர்களுக்கு நான் அரியலூரைக் காட்டுவேன். எங்கள் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் வெட்டிய பக்கத்தில் நின்று பாருங்கள்: மேலே செம்மண், கீழே காவி, அதற்கும் கீழே வெளிர் மஞ்சள், நடுவில் சாம்பல் கீற்று. ஒரு காலத்தில் கடல் கிடந்த இடம். சுருள் சுருளாக நத்தை மாதிரி உயிர்களின் கல்லுருக்கள் அதற்குள்ளே கிடைக்கின்றன. அந்த வெட்டு முகத்தில் 'என்ன இருக்கு' என்று யாரும் கேட்பதில்லை, நின்று பார்ப்பார்கள். அவருடைய வண்ணப் படங்களுக்கு முன்னாலும் அதே மாதிரி நின்றால் போதும். கத்தி இழுத்த தடத்தைத் தேடுங்கள். கிட்டப் போனால் அங்கேயும் கோடுதான் கிடக்கும், பேனாவுக்குப் பதில் கத்தியால் போட்டது.

2008 ஜனவரி 15, பொங்கல் சமயத்தில் சென்னையில் காலமானார். எழுபதை ஒட்டிய வயது. ஜப்பானின் ஷிராகாவும் அதே வருஷம் ஏப்ரலில் போய்ச் சேர்ந்தார்.

விட்டுப் போனது

ஓவியர்கள் விட்டுப்போவது அருங்காட்சியகத்தில் இருக்கும். சோழமண்டலத்துக்குப் போனால் மெட்ராஸ் இயக்கத்தாரின் வேலைகளைப் பார்க்கலாம். ஆனால் ஆதிமூலம் விட்டுப்போனதில் பெரிய பங்கு பழைய புத்தகக் கடையில் இருக்கிறது, நூலக அலமாரியில் இருக்கிறது, யாரோ ஒரு தமிழாசிரியர் வீட்டுப் பரணில் கறையான் தின்னக் கிடக்கிறது. அட்டை கிழிந்த புத்தகத்தோடு அதுவும் கிழிந்துபோகும். தன் வேலை அப்படிப்பட்ட இடத்தில் போய்ச் சேரும் என்று தெரிந்தே பெரிய ஓவியர் ஒருவர் வருஷக்கணக்காக அட்டைக்கும் தொடருக்கும் அதே கவனத்தோடு உழைத்தார். அவருக்குப் பின்னால் டிராட்ஸ்கி மருது போன்ற நவீன ஓவியர்கள் பத்திரிகையில் வரைந்தபோது "இது என்ன கிறுக்கல்" என்று வாசகர்கள் அதிகம் முகம் சுளிக்கவில்லை. கண்ணை அவர் முன்னமே பழக்கி வைத்திருந்தார். இன்றைக்குச் சினிமாத் தலைப்பில் எழுத்து உடைந்து, மடங்கி, ஒன்றுக்குள் ஒன்று புகுந்து வருகிறது. எனக்கு அதில் அவர் ஜாடை தெரியும்.

ஃப்ளெக்ஸ் வந்து எங்கள் தொழிலை முடித்துவைத்தது. நானே இப்போது ஒரு ஃப்ளெக்ஸ் கடையில்தான் பாதி நாள் உட்கார்ந்திருக்கிறேன். கடைப்பையன் கம்ப்யூட்டரில் நூறு எழுத்துரு வைத்திருக்கிறான். காதுகுத்துக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் ஒரே எழுத்து. "அண்ணே, இதுல வித்தியாசமா எது போடலாம்?" என்று கேட்பான். ஆதிமூலம் எழுதிய ஒரு தலைப்பை அவனுக்குக் காட்டினேன். மவுஸை விட்டுவிட்டு, "இது எந்த ஃபான்ட்?" என்றான். இது ஃபான்ட் இல்லடா, துறையூர்க்காரர் கை என்றேன். அன்றைக்கு ஒரு பழைய ஃப்ளெக்ஸின் பின்பக்கத்தில் தன் அம்மா பெயரை மார்க்கரால் எழுதிப் பார்த்தான். அந்தப் பையனுக்கு வரும். வராதவர்கள் யாரும் இல்லை என்பது என் அனுபவம்.

எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. அதைச் செய்யப் பணம்கூட அவ்வளவாக வேண்டாம். ஒவ்வொரு அக்டோபர் 2-ஆம் தேதியை ஒட்டியும் பெரம்பலூர், அரியலூர், துறையூர்ப் பள்ளிகளில் ஓவியப் போட்டி நடக்கும். நடுவராக என்னையும் சில சமயம் கூப்பிடுவார்கள். பிள்ளைகள் முக்கால்வாசிப் பேர் பத்து ரூபாய் நோட்டை எதிரே வைத்துக்கொண்டு காந்தியை வரைகிறார்கள். அதே சிரிப்பு, அதே கோணம், அழித்து அழித்து நைந்துபோன தாள். அந்த இடத்தில் ஆதிமூலத்தின் நூறு காந்தியிலிருந்து நாலைந்தைப் பிரதி எடுத்து முதல் நாளே வகுப்பில் ஒட்டிவைக்கலாம். வரைந்தவர் பக்கத்து ஊர்க்காரர் என்று சொல்லலாம். அப்படியே காப்பி அடிக்கச் சொல்ல வேண்டாம். கொஞ்ச நேரம் பார்க்கச் சொன்னால் போதும். அப்புறம் பென்சிலை வாங்கி வைத்துக்கொண்டு, ஆளுக்கொரு பேனா கொடுத்து, வீட்டில் இருக்கும் தாத்தாவையோ அப்பாயியையோ கோட்டாலேயே வரைந்து வரச் சொல்லுங்கள். ரப்பர் மட்டும் கூடவே கூடாது.